கையெழுத்து வைக்காத நானா

அவருடைய கையெழுத்தை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அவர் எழுதியவற்றை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். புத்தளத்துப் பக்கம் கரைத்தீவில், எங்கள் குடியிருப்பில், எந்த வீட்டு அலுமாரியைத் திறந்து காகிதங்களை வெளியே எடுத்தாலும் பாதி அவர் எழுதியவையாகத்தான் இருக்கும். வீட்டுத்திட்ட விண்ணப்பம், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்கிற படிவம், வெளிநாடு போகிறவளுக்குப் புருஷன் கொடுக்கும் சம்மதக் கடிதம், எல்லாம் அவர் கைதான். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே சாய்வில் எழுதுவார். ஒரு வெட்டு, ஒரு திருத்தம் இருக்காது. ஆனால் கீழே புள்ளிக்கோடு போட்ட இடம் வந்ததும் பேனையை மூடிவிடுவார்.

"எழுதித் தாறது நான். வைக்கிறது நீங்க" என்பார்.

குடியிருப்பில் சிறிசு பெரிசு எல்லோருக்கும் அவர் அண்ணன் முறையில் நானாதான். எங்களைப் போலவே தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, கடல் வழியாகக் கற்பிட்டிப் பக்கம் வந்து இறங்கியவர். மெலிந்த உடம்பு. வெயிலோ மழையோ வெள்ளை நீளக்கைச் சட்டைதான். சட்டைப் பையில் இரண்டு பேனை இருக்கும். ஒரு காற்சட்டைப் பையில் தட்டையான மைப்பெட்டி, மற்றதில் கை துடைக்க ஒரு லேஞ்சி. கையெழுத்துத் தெரியாதவர்களுடைய கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் அமுக்கி, தாளில் மெல்ல உருட்டி எடுப்பார். பிறகு லேஞ்சியால் அந்த விரலைத் துடைத்துவிடுவார். நகக் கண்ணில் மை நின்றால் அதையும் விடமாட்டார். பெண்களென்றால் லேஞ்சியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு மறுபக்கம் பார்ப்பார். இரக்கமுள்ள மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அவர் மௌத்தாகி அடக்கம் நடந்தபோது ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேருடைய விரல் அந்த லேஞ்சியில் பட்டிருக்கும்.

அவருடைய தொழில் வாப் கிளாக். கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கும் சாமான்களுக்குக் காகிதம் எழுதி, சுங்கத்துக்குக் காட்டி, வெளியே எடுத்துக்கொடுக்கும் வேலை. புத்தளத்திலும் மதுரங்குளியிலும் உள்ள புடைவைக் கடைக்காரர்கள் எல்லோரும் அவரைத்தான் பிடிப்பார்கள். அந்தத் தொழிலுக்கு ஓர் உரிமம் வேண்டும். அது கொழும்பில் இருந்த வேறொருவர் பெயரில் இருந்தது. நானா எழுதுவார், ஓடுவார், வரிசையில் நிற்பார், அந்த ஆள் கையெழுத்து வைப்பார். தன் சுபாவத்துக்கு ஏற்ற தொழிலைத்தான் நானா தேடிப் பிடித்திருந்தார்.

துணி விஷயத்தில் அவரை ஏமாற்ற ஆள் கிடையாது. ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சீருடைத் துணி வந்திருந்தது. நான் அங்கே ஆசிரியை. அதிபர் அவரை அழைத்துக் காட்டினார். அவர் துணியை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உரசிவிட்டு என்னிடம் சொன்னார்.

"கஸ்டம்ஸ்ல துணி எண்டு ஒரு சாமான் இல்ல, டீச்சர். பின்னினதா, நெய்ததா? பருத்தியா, பொலியெஸ்டரா? ஆம்பிளைக்கா, பொம்பிளைக்கா, குழந்தைக்கா? எல்லாத்துக்கும் வேற வேற இலக்கம், வேற வேற வரி. ஒரு இலக்கம் மாறினா ஆள் மாட்டிக்கும்."

"மாட்டிறது யாரு? எழுதின ஆளா?" என்று கேட்டேன்.

"சேச்சே. வெச்ச ஆள்" என்று சிரித்தார்.

பெருநாளைக்கு முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரி தன் மகளுக்கு வாங்கிய சட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். நூறு வீதம் பருத்தி என்று லேபல் சொன்னது. நானா தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்புக்குச்சியில் பிடித்தார். நூல் சுருண்டு கறுப்பு மணியாகத் தொங்கியது. "மணந்து பாருங்க. பருத்தி எண்டா கடதாசி எரியிற மணம் வரும். இது பிளாஸ்டிக். நல்லா ஏமாத்திப் போட்டான்" என்றார். அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது. ஒரு சட்டையில் தைத்த பொய்யைக்கூடப் பொறுக்காத மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்று நினைத்தால் என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

என் நிக்காஹ்வுக்கு வாப்பா அவரைச் சாட்சியாகக் கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ், எனக்குப் பெருமைதானே" என்று ஒத்துக்கொண்டார். வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார். பதிவாளருக்குக் கை நடுங்குகிறதென்று பதிவுப் புத்தகத்தை வாங்கித் தானே அழகாக நிரப்பிக் கொடுத்தார். புத்தகம் கையெழுத்துக்காகத் திரும்பியபோது ஆளைக் காணவில்லை. தேடிப் போனால் பின்வளவில் சமையல்காரனிடம், இறைச்சிக்கு உப்புக் காணாது என்று வாதாடிக்கொண்டிருக்கிறார். வேறோர் ஆளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். வாப்பா ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

அவருடைய பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கையில் மனைவியின் கையெழுத்துத்தான் இருக்கும். பதிவுத் தபால் வந்தால், "உள்ள போய் அவவக் கூப்பிடுங்க" என்பார். அந்த மனுஷிக்கு வயிற்றில் கட்டி என்று ஒப்பரேசன் செய்ய வேண்டி வந்தபோது, சம்மதத் தாளில் புருஷனுடைய கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். இவர் தாளை வாங்கி, பெயர், வயது, விலாசம் எல்லாம் நிரப்பினார். பிறகு மதுரங்குளியில் இருந்த மச்சானுக்குப் போன் எடுத்தார். மச்சான் பஸ் பிடித்து வந்து கையெழுத்து வைக்கும்வரை அந்த மனுஷி தள்ளுவண்டிலில் படுத்தபடி காத்திருந்தாராம். அதை அவரே என் உம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது குறையாகச் சொல்லவில்லை. அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

ஏன் இப்படி என்று ஒரு தடவை நேரே கேட்டேன். வாயடங்காத குணம் எனக்கு. அவர் பேனை மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"மன்னார்ல நான் கூட்டுறவுக் கடை முகாமையாளர். தெரியும்தானே? நாங்க வெளிக்கிடுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னுக்குத்தான் புடைவைச் சிப்பம் வந்து இறங்கினது. எண்ணிப் பார்த்து, கிடைச்சது எண்டு கையெழுத்து வெச்சன். அங்கால இயக்கக்காரர் துவக்கோட வந்து ஊர விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. ஒரு பையோட வந்தம். நாலு வருஷம் கழிச்சு, முகாமுக்கு, ஓலைக் கொட்டிலுக்கு, பதிவுத் தபால்ல கடிதம் வருது. நீர் பொறுப்பேற்ற புடைவை எங்கே, விளக்கம் தரவும் எண்டு."

"அவங்களுக்குத் தெரியாதா நானா, என்ன நடந்தது எண்டு?"

"தெரியாம? நாடே அறிஞ்ச கதை. ஆனா தாளில என்ட கையெழுத்துத்தானே கிடக்கு. துவக்கோட வந்தவன் கையெழுத்து வெச்சிட்டா எடுத்தவன்?"

இரண்டு வருடம் அவர் அந்த விளக்கத்தை எழுதி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாராம். அன்றைக்கு அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியது. அவருக்கு நடந்தது அநியாயம். அதை நான் இன்றும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த அநியாயத்திலிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடத்தை எங்கள் வீட்டில் வந்து செய்துகாட்டினார். அதற்குத்தான் மன்னிப்பில்லை.

என் ராத்தாவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவள். பிள்ளை இல்லையென்று புருஷன் தலாக் சொல்லிவிட்டான். அதன் பிறகு டுபாயில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். சிறு வயதிலேயே என்னைத் தூக்கி வளர்த்ததில் அவளுக்குப் படிப்பு இல்லை; முகாமுக்கு வந்த பிறகு பள்ளிக்கூடம் போனவள் நான் மட்டும்தான். முதல் தடவை போகும்போது எல்லாத் தாளிலும் கட்டைவிரல்தான். நானாதான் விரலைப் பிடிக்க ஆள் தேடி, தானே லேஞ்சி கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தபோது அவள் என்னிடம், "எனக்குக் கையெழுத்துச் சொல்லித் தா. பெருவிரல் நீட்ட வெக்கமாயிருக்கு" என்றாள். ஒரு மாதம் கொப்பியில் எழுதிப் பழகினாள். என் வகுப்புப் பிள்ளைகள்கூட அப்படிப் பழகியதில்லை. போகும்போது விமான நிலையத் தாளில் தன் பெயரை எழுதிவிட்டு, அங்கிருந்தே எனக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

போர் முடிந்து மன்னார்ப் பாதை திறந்ததும் அவளுக்கு ஒரே எண்ணம். எங்கள் பழைய ஊரில் ஒரு புடைவைக் கடை. ஊருக்குத் திரும்பிய பெண்கள் ஓர் அபாயா வாங்க பஸ் ஏறிப் பட்டணம் போக வேண்டியிருந்தது. "இனி ஒருத்தர்ர குசினியிலயும் நிக்க மாட்டன்" என்று போனில் சொல்வாள். கிடைத்த லீவு நாட்களில் கழிவு விலைக் கடைகளில் ஏறி இறங்கி அபாயா, படுக்கை விரிப்பு, சால்வை என்று சேர்த்தாள். நாங்கள் ஊருக்குப் போய், கூரை போன பழைய வீட்டின் முன் அறைக்குத் தகரம் போட்டு, சுவரில் தட்டுகள் அடித்துவைத்தோம். நானா சொல்லிவிட்ட ஆள் மூலம் சாமான் மூன்று பெட்டியில் கப்பலில் ஏறியது. அவள் விமானத்தில் வந்து சேர்ந்தாள்.

பெட்டிகளை எடுத்துத் தரச் சொல்லி நானாவிடம்தான் போனோம். வேறு யாரிடம் போவது? அவர் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தார்.

ராத்தா முதலிலேயே கேட்டாள். "நானா, இது விக்கிற சாமான். அப்பிடியே சொல்லி, உள்ள வரியக் கட்டி எடுப்பமே?"

"விசரா தங்கச்சி உங்களுக்கு? வெளிநாட்டில உழைச்சுப்போட்டு வாற ஆளுக்குச் சொந்தப் பாவனைச் சாமான் கொண்டுவர இடமிருக்கு. உடுப்பு, வீட்டுப் பாவனை எண்டு போட்டா முடிஞ்சுது. என்னட்ட விடுங்க."

இரண்டு நாள் கழித்துப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். இங்கிலீஷ் படிவம், அதே அழகான எழுத்து. நான் மேசையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ராத்தா படிவத்தை என் பக்கம் நீட்டி, "ஒருக்காப் பார்" என்றாள். நான் தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். "நானாதானே எழுதினது. வையுங்க ராத்தா."

அவள் வைத்தாள். நான் பழக்கிய அதே கையெழுத்தை, ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு வைத்தாள். அந்தத் தாளில் மூன்று பெட்டி இருக்கவில்லை. எட்டு என்று இருந்தது. ஒரு நிமிடம் பார்த்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும்.

பொதிக்குச் சொந்தக்காரி நேரில் வர வேண்டும் என்பதால் நாங்கள் மூவரும் கொழும்புக்குப் போனோம். சுங்கக் களஞ்சியத்தில் ராத்தாவின் மூன்று பெட்டிகளோடு சாக்குத் துணி சுற்றிய ஐந்து சிப்பங்களும் இருந்தன. ராத்தா அதிகாரியிடம், "இது என்டது இல்ல, மாறி வந்திட்டுது" என்றாள். அவர் சிங்களவர், தமிழ் ஓரளவு கதைப்பார், மரியாதையான மனிதர். தாளைத் திருப்பி அவளுடைய கையெழுத்தைக் காட்டினார். பிறகு ஒரு சிப்பத்தைக் கத்தியால் கீறினார்.

உள்ளே குழந்தைச் சட்டைகள். எல்லாம் ஒரே ரோசா நிறம், ஒரே அளவு, பொலித்தீன் பையில் டசன் டசனாக. கழுத்துப் பக்கம் லேபல் இருந்த இடத்தில் கத்தரித்த நூல் மட்டும் நின்றது.

"நோனாவுக்கு பிள்ளை எத்தனை?" என்று அவர் ராத்தாவிடம் கேட்டார்.

ராத்தா என்னைப் பார்த்தாள். அவர் மறுபடியும் கேட்டார்.

"இல்ல" என்றாள்.

"பிள்ளை இல்லாமல் இவ்வளவு சட்டை யாருக்கு?"

அந்த மனிதர் தன் கடமைக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் என் ராத்தா நாட்டைவிட்டே போனவள். அவள் அந்தச் சட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பி நானாவைப் பார்த்தேன். அவர் ஒரு சட்டையை எடுத்து ஓரத்தை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உரசிக்கொண்டிருந்தார்.

சிப்பங்கள் புத்தளத்துக் கடைக்காரர் ஒருவருடையவை என்று ஊருக்கு வந்து விசாரித்து அறிந்தோம். ராத்தா முதல் தடவை போகும்போது எடுத்துவைத்த கடவுச்சீட்டுப் பிரதியை, பெட்டிகள் கப்பல் ஏறுமுன்பே டுபாயில் சாமான் ஏற்றுகிறவனுக்கு நானாதான் அனுப்பியிருக்கிறார். ராத்தாவின் பெயரில் அந்த ஐந்தும் ஏறியிருக்கின்றன. இப்படி எத்தனை பெண்களுடைய பெயரில் எத்தனை சிப்பம் அதற்கு முதல் வந்ததோ, அவர்களுக்கும் தெரியாது. அதுவரை ஒன்றும் பிடிபட்டிருக்கவில்லை.

விசாரணைக்கு இன்னொரு நாள் கூப்பிட்டார்கள். படிவத்தை நிரப்பியது யார் என்று அதிகாரி கேட்டார். நானா எழுந்து நின்றார்.

"நான்தான் சேர். எழுத்து வாசனை இல்லாத ஆக்கள். அவங்க சொன்னத அப்படியே எழுதினன். சாமான் முழுக்க அவங்கடதான்."

அதை வாக்குமூலமாக எழுதி வாசித்துக் காட்டினார்கள். நானா ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னார். திருத்தினார்கள். பிறகு தாளை அவர்முன் வைத்தார்கள். அவர் நழுவிவிடுவார் என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, கையெழுத்து வைத்தார்.

பெரிய கையெழுத்து. முதல் எழுத்தைச் சுழித்து, கடைசியில் கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளி. தயங்காத கை. எங்கேயோ தனியாக இருந்து பழகிக்கொண்டேயிருந்திருக்க வேண்டும். மனைவியின் உயிருக்கு வைக்காத கையெழுத்தை, என் நிக்காஹ்வுக்கு வைக்காத கையெழுத்தை, என் ராத்தாவைக் கள்ளியாக்குவதற்கு வைத்தார்.

ராத்தா கடைக்காரரின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயர் ஒரு தாளிலும் இருக்கவில்லை. எட்டும் ஒரே படிவத்தில் இருந்ததால் எட்டும் பறிமுதலானது. அவள் வருடக்கணக்காகச் சேர்த்த அபாயாக்களும் சால்வைகளும் அந்தச் சட்டைகளோடு போயின.

திரும்பி வரும்போது சிலாபத்தில் பஸ் நின்றது. நானா இறங்கிப் போய் எங்களுக்குப் பிளேன்ரீயும் பணிஸும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் அதைத் தொடவில்லை.

"நானா, உங்களுக்குப் பயமில்லையா அல்லாஹ்வுக்கு?" என்று எல்லோரும் கேட்கத்தக்கதாகச் சத்தம்போட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "உண்மையச் சொல்லி வெச்சிருந்தா ரெண்டு பேரும் உள்ள, டீச்சர். அப்ப உங்களுக்காக வெளிய ஓடித்திரிய ஆர் இருக்கிறது? யோசிச்சுப் பாருங்க."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் கிடக்கிறது. கள்ளனென்றால் திட்டிவிட்டு மறந்துபோவேன். இந்த மனிதர் அடுத்த கிழமையே மேன்முறையீட்டுக் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். கீழே புள்ளிக்கோடு போட்டிருந்தது. ராத்தா கதவைத் திறக்கவில்லை.

குடியிருப்பில் என்ன சொன்னார்கள்? வாசிக்காமல் வைத்தால் அப்படித்தான் என்றார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூடத் தாம் வைத்ததை வாசித்தவரில்லை. ராத்தா பள்ளிவாசல்துறைப் பக்கம் இறால் உரிக்கும் கொட்டிலுக்கு வேலைக்குப் போனாள். ஊரில் நாங்கள் அடித்த தட்டுகளில் யாரோ ஆட்டுக்குக் குழை அடுக்கியிருந்ததாகக் கேள்விப்பட்டோம். நானா பழையபடி கொழும்புக்குப் போய்வந்தார். சனங்கள் பழையபடி அவரிடம் எழுதுவித்தார்கள். வேறு யார் இருந்தார்கள் எழுதிக்கொடுக்க?

மூன்று வருடம் கழித்துக் குடியிருப்புக் காணிகளுக்கு உறுதிப் பத்திரம் கொடுக்கிறார்கள் என்று கிராம சேவகர் காரியாலயத்துக்கு வரச்சொன்னார்கள். எங்கள் துண்டுக் காணி ராத்தாவின் பெயரில் இருந்தது. போனால், வாசலோரக் கதிரையில் நானா. முன்னால் ஒரு மேசை. மைப்பெட்டி திறந்திருக்கிறது. சனம் வரிசையில் நிற்கிறது. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க தங்கச்சி. நிரப்பித் தாறன்."

"டீச்சர் நிரப்புவா" என்றாள் ராத்தா.

நான் நிரப்பினேன். ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கிராம சேவகர் புள்ளிக்கோட்டைக் காட்டி, "இதில வையுங்க" என்று பேனையை நீட்டினார்.

ராத்தா பேனையை வாங்கவில்லை. "எனக்குக் கையெழுத்துத் தெரியாது" என்றாள்.

கொட்டிலில் இறால் உரித்து வெடித்துப்போன கட்டைவிரலை நீட்டினாள். கிராம சேவகர் வாசல் பக்கம் பார்த்தார். நானா மைப்பெட்டியைக் கொண்டுவந்து அவள்முன் வைத்தார். அவளுக்குக் கையெழுத்துத் தெரியும் என்று அந்த இடத்தில் அறிந்தவர்கள் நானும் அவரும்தான். அவளே அமுக்கி, அவளே உருட்டி எடுத்தாள். நானா வழக்கம்போல லேஞ்சியை நீட்டிவிட்டு மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அது நெடுநேரம் அவர் கையிலேயே இருந்தது.

வீடுவரை அவள் அந்த விரலைத் துடைக்கவில்லை. நான் கிணற்றடியில் சவுக்காரம் எடுத்துக் கொடுத்தேன். "வேணாம், கிடக்கட்டும்" என்றாள். நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்தை அவள் பிறகு எந்தத் தாளிலும் வைக்கவில்லை.